நாலரைப் பாய் அறை

எங்கள் பக்கத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், "எத்தினி பாய் வுழும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அடிக்கணக்கு யாருக்கும் தேவைப்படாது. நாலு பாய் விழும் என்றால் நாலு பேர் படுக்கலாம். கைக்குழந்தைக்குத் தனிப் பாய் கிடையாது, அது அம்மா பக்கத்தில் ஒண்டிக்கொள்ளும். திருவொற்றியூரில் நாங்கள் இருக்கிற வீட்டை எனக்கு விட்டவரும் அப்படித்தான் சொன்னார். "தாராளமா அஞ்சு பாய் வுழும், நீங்க மூணு பேர்தானே." சமையல், படுக்கை, சாமி படம், தையல் மெஷின் எல்லாம் அந்த ஒரே அறைதான். குளியலறை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. மூன்று குடித்தனத்துக்கும் அது பொது.

அதனால் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ரூமு குட்த்துட்டாங்க நைனா, நாலரைப் பாய்" என்றதும், என் மனதில் நாலு பேரும் ஒரு குழந்தையும் வரிசையாகப் படுத்திருக்கிற காட்சிதான் வந்தது. எனக்குச் சட்டென்று பேச வராது. என் மனைவி கேட்டுவிட்டாள்.

"முன்ன பின்ன தெரியாத நாலு பேரு கூடவா போட்டு அடைக்கிறானுங்க? அந்த அரைப் பாய் யாருக்குடி? கைக்கொழந்தைய இடுப்புல வச்சிகினு எவளாவது வேலைக்கு வர்றாளா?"

மகள் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. "ஐயம்மா, ஆளுக்குக் கணக்கு இல்ல. எடத்துக்குக் கணக்கு. அந்த ஊர்ல ரூமை அடியில அளக்க மாட்டாங்க. தரையில எத்தினி பாய் போட்டு ரொப்பலாமோ அதான் ரூமோட அளவு. நாலரைப் பாய் போட்டா எவ்ளோ எடம் வருமோ, அதுல நான் ஒண்டிதான்."

முன்பின் தெரியாத நாலு பேர் என்கிற பயம் அந்த நிமிடமே போய்விட்டது. அது இருந்த இடத்தில் 'ஒண்டிதான்' என்ற சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் குடும்பத்தில் ஒரு அறைக்குள் தனியாகப் படுத்தவர் என்று யாரையும் எனக்குத் தெரியாது. எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோதுகூட வார்டு முழுக்க ஆட்கள் இருந்தார்கள்.

மகள் நர்சிங் உதவியாளர் படிப்பு முடித்து, ராயபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். வேலை விட்டதும் நேராக ஜப்பான் மொழி வகுப்புக்குப் போய்விடுவாள். ஜப்பானில் முதியோர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. தங்குவதற்கு இரண்டு வழி சொல்லியிருந்தார்கள். ஆறு பாய் அறையில் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து இருக்கலாம், இல்லையென்றால் நாலரைப் பாய் அறையில் தனியாக. முதலில் தனி அறைதான் ஒதுக்கியிருந்தார்கள். வேண்டாம் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

"உனக்கு எது வோணும்?" என்றாள் மனைவி.

மகள் என்னைப் பார்த்தாள். "நைனா இன்னா சொல்லுதோ அது."

அவள் அப்படிச் சொன்னால் மெய்யாகவே அப்படித்தான் செய்வாள். சின்ன வயதிலிருந்தே அவள் குணம் அது.

அந்த அறை எவ்வளவு பெரிது என்று பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போனோம். என் சட்டைப்பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும், வேலைக்கு வேண்டியது. மாடியில் பாதி இடத்தைக் கருவாடு பிடித்திருந்தது. முதல் மாடியில் இருக்கிற அக்கா காசிமேட்டில் மீன் விற்கிறவர். விடியற்காலை ஏலத்தில் எடுத்து, மிஞ்சியதை இங்கே காயப் போட்டுவிடுவார்.

எங்களுடைய கோரைப்பாய்களையே எடுத்துப் போனோம். மகள் போனில் ஒரு படம் காட்டினாள். நாலு பாய்களை ஒன்றின் தலைமாட்டில் இன்னொன்றின் விலா வருகிற மாதிரி சுற்றிப் போட வேண்டும். நடுவில் ஒரு சதுரம் மிஞ்சும். அந்தச் சதுரத்தில் அரைப் பாய். எங்களிடம் மூன்றுதான் இருந்தது, அக்காவிடம் இரண்டு வாங்கினோம். சுற்றிப் போட்டு, வெளிவிளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டேன். டேப்பை வைத்து அளந்தால் பத்தடிக்குப் பத்தடி வந்தது.

எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பத்துக்குப் பத்து என்றால் நம் வீட்டைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு ஆளுக்கு அது அதிகம்.

மகள் நடுவில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பழைய பாயைப் பாதியாக மடித்து அந்தச் சதுரத்தில் வைத்தாள். வைக்க முடியவில்லை. ஓட்டை சின்னது, மடித்த பாய் பெரியது. திருப்பி வைத்தாள். அப்போதும் பக்கத்துப் பாய் மேல் ஏறிக்கொண்டது.

"நைனா, தப்பு. நம்ம பாய் நாலடி அகலம். அவங்க பாய் மூணடிதான். அப்பதான் அரைப் பாய் நடுவுல குந்தும்."

அளவைக் குறைத்து மறுபடியும் கோடு போட்டேன். ஒன்பதுக்கு ஒன்பது. பழைய கோட்டைக் காலால் தேய்த்து அழித்தேன்.

அக்கா கூடையோடு மேலே வந்தார். "இன்னா அண்ணாத்த, கபடிக்குக் கோடு போடுறியா? இந்த வயசுலயா?"

"ஜப்பான் ரூமு" என்றாள் மகள்.

"அப்டியா? அப்ப உன் ஜப்பானைக் கொஞ்சம் அப்பால தள்ளு. என் வஞ்சிரம் காயணும்." கோட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். "கதவு எங்க கீது? எகிறிக் குதிச்சித்தான் உள்ள போவணுமா?"

நான் நாலு பக்கமும் கோட்டை இழுத்து மூடியிருந்தேன். கதவு போட மறந்துவிட்டேன். போட வேண்டும் என்று சொன்னேன், ஆனால் போடவில்லை. அதற்குள் மகள் இன்னொன்று சொன்னாள்.

"அந்த ஊர்லயும் பக்கத்துக்குப் பக்கம் பாய் அளவு மாறுமாம்க்கா. ஒரு பக்கம் பெரிசு, ஒரு பக்கம் சின்னது. கவர்மென்டு கட்டுன அடுக்குமாடி வூடுங்களுக்குன்னே ஒரு பாய் அளவு கீது. அதான் எல்லாத்துலயும் சின்னதுன்னு க்ளாஸ்ல சொன்னாங்க. எங்களுக்குக் குடுக்குறது அந்த மாதிரி பழைய கட்டடம்தான்."

"அங்கயும் ஹவுசிங் போர்டா!" அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "அத்த சொல்லு. பேருக்கு ஒரு கணக்கு இருக்கும், காலை நீட்னா செவுத்துல இடிக்கும். எந்த ஊரானாலும் போர்டு போர்டுதான்டி."

எல்லோரும் சிரித்தோம். மகள் போனைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். எட்டேகால் அடிக்குக் கொஞ்சம் மேலே. மூன்றாவது முறையாகக் கோடு போட்டேன். ஒரே சாயங்காலத்தில் அந்த அறை இரண்டு தடவை சுருங்கிவிட்டது. கோட்டுக்குள் நான் நின்றேன். எட்டேகால் அடி. அந்த அகலம் எனக்கு நன்றாகத் தெரிந்த அகலம். டேப் இல்லாமலே என் தோளுக்கும் முதுகுக்கும் தெரியும். சாயங்காலக் காற்று கடல் பக்கத்திலிருந்து வீசிக்கொண்டிருந்தது. எனக்குக் கழுத்தில் வேர்த்தது.

நான் எண்ணூர் போகிற சாலையில் ஒரு யார்டில் வேலை செய்கிறேன். கன்டெய்னரை நாங்கள் பொட்டி என்போம். திரும்பி வரும் காலிப் பொட்டிகளைப் பார்த்து, அடுத்த சரக்கு ஏற்றத் தகுதியா என்று சொல்ல வேண்டும். மழையில் ஒழுகுமா என்று பார்ப்பதற்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஒருவர் உள்ளே போவார். இன்னொருவர் வெளியே இருந்து இரண்டு கதவையும் சாத்துவார். உள்ளே போனவர் இருட்டில் நின்று கூரையையும் பக்கத்துத் தகடுகளையும் பார்க்க வேண்டும். எங்கேயாவது ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுத் தகட்டைக் கையால் தட்டினால், வெளியே இருப்பவர் திறந்துவிடுவார். இதற்கு லைட் டெஸ்ட் என்று பெயர்.

உள்ளே போகிறவன் நான்தான். ஒல்லியாக, சத்தம் போடாமல் இருப்பதால் ஆரம்பத்திலேயே என்னை அனுப்பினார்கள். அப்படியே பழகிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பழகவே இல்லை. கதவு சாத்தி, கம்பி கொக்கியில் விழுகிற சத்தம் கேட்டதும் என் வாய் காய்ந்துவிடும். ஓட்டை உள்ள பொட்டி என்றால் எனக்குள்ளே சந்தோஷம். ஒரே ஒரு புள்ளி தெரிந்தாலும் அதையே பார்த்துக்கொண்டு மூச்சு விடுவேன். நல்ல பொட்டிதான் பயம். ஒரு புள்ளியும் இல்லாமல், கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே தெரியாத இருட்டு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டிலும் சொன்னதில்லை. ஐம்பதை நெருங்குகிறவன் இருட்டுக்குப் பயப்படுகிறேன் என்று யாரிடம் சொல்வது?

பொட்டியின் உள் அகலம் எட்டடிக்குக் கொஞ்சம் குறைவு. மகளுடைய அறையும் ஏறக்குறைய அந்த அகலம்தான். நீளத்தில் பொட்டியில் பாதிகூட வராது. அதற்கும் இரும்புக் கதவு என்று போனில் வந்த படத்தில் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் கனமான கதவு. விட்டால் தானாகவே சாத்திக்கொள்ளுமாம்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது மகள் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பாய் கணக்கில் படுக்கிற இடம் மட்டும்தான் சேரும், செருப்பு விடுகிற இடமும் அலமாரியும் கழிப்பறையும் தனி. காலையில் எழுந்ததும் படுக்கையைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட வேண்டும், தரையிலேயே விட்டால் அடியில் பூஞ்சை பிடித்துவிடும். தரையில் எதையும் வைக்காமல் இருந்தால் சின்ன அறையும் பெரிதாகத் தெரியும்.

"படுக்கையைச் சுருட்டுறதுக்கு ஒரு க்ளாஸா?" என்றாள் மனைவி. "அத்தயும் நான் சொன்னப்ப கேட்டியா? இருபது வருசமா கத்தறேன்."

"நம்ம வூட்டை அந்தக் கணக்குல போட்டா ஏழு பாய் வரும்மா."

"அடி ஆத்தி. அப்ப நாம பணக்காரங்க."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன். "ரெண்டு பேர் இருக்கிற ரூமையே கேளும்மா. துணைக்கு ஆள் இருக்கும்."

மகள் கை தட்டில் நின்றது. "சரி நைனா" என்றாள். பிறகு ஜப்பானைப் பற்றி அவள் எதுவும் பேசவில்லை. வியாழக்கிழமை வரை பேசவில்லை.

எனக்கு உறுத்தியது. நான் நினைத்தது சரியா, என் பயத்தை அவள் தலையில் கட்டுகிறேனா என்று தெரியவில்லை. அதனால் வியாழக்கிழமை காலையில் ஒரு காரியம் செய்தேன். லைட் டெஸ்டுக்கு நல்ல பொட்டி ஒன்று வந்தது. உள்தரைப் பலகையில், கடைசிச் சுவரிலிருந்து எட்டேகால் அடி அளந்து, குறுக்கே கோடு போட்டேன். என்னோடு வேலை செய்கிறவர் கதவருகே நின்று பார்த்தார். நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"இன்னா மாமு, உள்ள கோலம் போடுறே?"

"கொஞ்சம் அதிக நேரம் சாத்தி வை. நான் தட்டும்போது தொற."

"உள்ள குந்திகினு தூங்கப் போறியா? நடத்து நடத்து. நான் அதுக்குள்ள ஒரு டீ அட்ச்சிட்டு வந்துர்றேன்."

கதவைச் சாத்தினார். கம்பி விழுந்தது. நான் இருட்டில் நடந்துபோய், கோட்டுக்கு அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். மகள் இங்கே படுப்பாள், இங்கே அலமாரி, இங்கே ஜன்னல் என்று நினைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் தாங்கியது. வெளியே டிரெய்லர்கள் போகிற அதிர்வு முதுகில் தெரிந்தது. அது ஒரு துணை மாதிரி இருந்தது.

அப்போதுதான் சைரன் கேட்டது.

எங்கள் பகுதியில் சைரன் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஏதோ ஒரு கம்பெனியில் ஏதோ ஒரு குழாயில் வாயுக் கசிவு. எது என்று நின்று கேட்க மாட்டோம். வாடை எந்தப் பக்கம் வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஓடுவோம். எழுந்து கதவுப் பக்கம் போனேன், தட்டினேன். வெளியே கால்கள் ஓடுகிற சத்தம். யாரோ "மூஞ்ச மூடு, மூஞ்ச மூடு" என்று கத்தினார்கள். டிரெய்லர் ஹாரன். பிறகு அதுவும் நின்றுவிட்டது. சைரன் மட்டும்.

இரண்டு கையாலும் அடித்தேன். பொட்டிக்குள் அடிக்கிற சத்தம் நமக்குத்தான் பெரிதாகக் கேட்கும். மேலே காற்றுக்கென்று, வெளிச்சம் வராதபடி மூடி போட்டு வைத்திருக்கிற சின்னத் துளை வழியாகவோ என்னவோ வாடை உள்ளே வந்தது. மூக்கின் நடுவில் ஊசி ஏறுகிற மாதிரி. கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன், ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை. நல்ல பொட்டி. கதவில் உள்பக்கம் கையால் தடவிக்கொண்டே போனேன். என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ரப்பர், தகடு, ஆணித் தலைகள். பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. நான் அன்றுவரை வாய்விட்டுக் கத்தியவனில்லை. அன்று கத்தினேன். யாரைக் கூப்பிட்டேன் என்று வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. என் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன்.

கதவு திறந்தபோது வெளிச்சம் அடித்து ஒன்றும் தெரியவில்லை. டீக்குப் போனவர் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு நின்றார். கேட் வரைக்கும் ஓடிப் போயிருக்கிறார். அங்கே ஆட்களை எண்ணும்போது நான் இல்லை என்று ஞாபகம் வந்து திரும்பி ஓடி வந்திருக்கிறார். என் கையைப் பிடித்து வெளியே இழுத்துத் துண்டில் பாதியைக் கிழித்து என் முகத்தில் வைத்தார். ஓடிக்கொண்டே என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார்.

"யோவ், இன்னிக்குத்தானாய்யா உனக்கு உள்ள குந்தணும்னு தோணிச்சு? உன் பொஞ்சாதிக்கு நான் இன்னா பதில் சொல்வேன்? பேமானி, பேமானி."

பெரிய கசிவு இல்லை என்று மதியத்துக்குள் சொல்லிவிட்டார்கள். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவியும் மகளும் மாடியில் இருந்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க எல்லோரும் மாடிக்குத்தான் போவார்கள். என் முகத்தையும் கண்ணையும் பார்த்து மனைவி பதறினாள். உட்காரச் சொன்னார்கள். நான் உட்கார்ந்த இடம் நான் போட்ட கோட்டுக்குள்ளேயே இருந்தது. அதைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்து உட்கார்ந்தேன்.

பிறகு சொல்லிவிட்டேன். அன்று நடந்ததை மட்டும் இல்லை, இத்தனை வருடமாகக் கதவு சாத்தும்போது எனக்கு என்ன ஆகிறது என்பதையும். திக்கித் திக்கித்தான் சொன்னேன். மனைவி என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "ஒரு வார்த்த சொல்லலியே" என்று ஒரு முறை சொன்னாள்.

"அதனாலதான் வேணாங்கிறேன்" என்றேன் மகளிடம். "நீ ஒண்டியா அந்தக் கதவுக்குப் பின்னால இருக்கிறதை என்னால நெனச்சிப் பாக்க முடியலம்மா."

மகள் சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டிக் கதவுல கைப்பிடி எந்தப் பக்கம் கீது நைனா?"

"வெளியே."

"உள்ள?"

"உள்ள எதுக்கு? சரக்குக்குக் கைப்பிடி எதுக்கு?"

"அந்த ரூமுல உள்ள கீது நைனா. வெளியேர்ந்து தொறக்கத்தான் சாவி வோணும். உள்ளேர்ந்து திருப்புனா தொறந்துக்கும்."

அவள் நிறுத்தவில்லை. என்னைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் பொறந்ததுலேர்ந்து ஒரு கதவை சாத்திக்கினு உள்ள குந்துனதே கெடையாது. கீய பாத்ரூம்ல போனா, 'சீக்கிரம் வாடி'ன்னு வெளிய ரெண்டு பேரு தட்டிகினே கீறாங்க. துணி மாத்தணும்னா உன்னை வெளிய போவச் சொல்லணும். நீயும் ஒண்ணும் சொல்லாம எழுந்து போய் தெருவுல நிப்பே. மழ பேஞ்சாலும் நிப்பே. அத்தப் பாத்துப் பாத்து நான் சட்டுபுட்டுனு மாத்திக்குவேன். எனக்கு ரூமு சின்னதா பெரிசான்னு இல்ல நைனா. நான் சாத்தணும், நானே தொறக்கணும். அவ்ளோதான்."

நான் தெருவில் நின்றது உண்மை. நின்றிருக்கிறேன், எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு. அது அவளுக்கு ஒரு பாரம் என்று எனக்கு எப்போதும் தோன்றியதில்லை. உள்ளே அவள் அவசரமாகத் துணி மாற்றுவாள் என்றும் நான் நினைத்ததில்லை.

கருவாட்டைப் புரட்டுகிற சாக்கில் கேட்டுக்கொண்டிருந்த அக்கா வாயைத் திறந்தார். "அண்ணாத்த, அன்னிக்கே கேட்டேன், கதவு எங்கன்னு. நீ போடவே இல்ல பாரு."

மகள் என் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். ஒரு பக்கக் கோட்டைக் கையால் அழித்து அங்கே ஒரு கதவு போட்டாள். கதவின் உள்பக்கம் சின்னதாக ஒரு கைப்பிடி. பிறகு அந்தக் கதவு வழியாக உள்ளே போய் நடுவில், அரைப் பாய் வர வேண்டிய இடத்தில் உட்கார்ந்தாள். காலை மடக்கிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி. கடல் பக்கம் கசிவுப் புகை இன்னும் முழுசாகக் கலையவில்லை. அவள் அங்கே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் போகவில்லை. ஆனாலும் எழுந்து வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"உன் இஷ்டம்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவள் வேண்டாம் என்று எதையும் சொல்லவில்லை. ஒதுக்கிய அறை அப்படியே அவளுக்கு நின்றது.

அவள் போய்ச் சேர்ந்த அன்று வீடியோவில் கூப்பிட்டாள். மனைவி ஜன்னலைக் காட்டு, அடுப்பைக் காட்டு, ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று வரிசையாகக் கேட்டாள். போனவள் போய் முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. நான் கைப்பிடியைக் காட்டச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே போனைக் கதவிடம் கொண்டுபோனாள். நீட்டமான இரும்புக் கைப்பிடி, அதற்கு மேலே கையால் திருப்புகிற ஒரு சின்னக் குமிழ். திருப்பித் திறந்தாள், சாத்தினாள், திருப்பித் திறந்தாள். "போதுமா நைனா?" என்றாள். போதும் என்றேன். இன்னொரு தடவை கேட்க வெட்கமாக இருந்தது.

யார்டில் இப்போதும் நான்தான் உள்ளே போகிறேன். அன்று என்னை வெளியே இழுத்த நண்பர் மட்டும் இப்போது டீக்குப் போவதில்லை. நான் உள்ளே இருக்கும்வரை வெளியிலிருந்து தகட்டை விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். நான் கேட்கவில்லை, அவராகவே ஆரம்பித்தார். சில நாள் ஏதாவது சினிமாப் பாட்டு தாளத்தில் தட்டுவார். தாளம் தப்பும்.

போன மாதம் ஒரு சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"நைனா, இன்னிக்கு இங்க பூமி ஆடுச்சு. சின்னதுதான். லைட்டு ஆடுச்சு, டம்ளர் நவுந்துச்சு."

எனக்கு வாய் காய்ந்துவிட்டது. மனைவி கைவேலையை விட்டுவிட்டு ஓடி வந்து போனில் காது வைத்தாள்.

"மொதல்ல கதவைத் தொறந்து வச்சேன். க்ளாஸ்ல அப்டித்தான் சொல்லிக் குட்த்தாங்க. செவுரு கோணிக்கிச்சுன்னா அப்பால கதவு தொறக்காதாம்."

"உள்ளேர்ந்துமா தொறக்காது?"

"அதான் மொதல்லயே தொறந்துடணும் நைனா."

இதை அவள் போவதற்கு முன்னால் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. தெரிந்தேதான் சொல்லாமல் இருந்திருக்கிறாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"கேளு நைனா. நான் கதவைத் தொறந்து எட்டிப் பாத்தா, அந்த வராண்டா பூரா எல்லாக் கதவும் தொறந்து கீது. எல்லாருமே எட்டிப் பாக்குறாங்க. ஒருத்தி வாயெல்லாம் பேஸ்ட் நொரை. ஒருத்தி தலைல ஹெல்மெட்டு. இத்தினி நாள்ல யாருகூடயும் நான் நல்லா பேசுனது கூட இல்ல. ஒருத்தர ஒருத்தர் பாத்துகினு அப்டியே சிரிச்சிட்டோம். எதிர் ரூமு பொண்ணு பிஸ்கட் குட்த்தா."

"அப்புறம்?"

"அப்புறம் நின்னுடுச்சு. எல்லாரும் உள்ள போய்ட்டாங்க."

"நீ?"

"நானும் வந்து சாத்திட்டேன். காலைல டூட்டி கீது நைனா."

அங்கே அவளுடைய மூச்சு கேட்டது. அவளும் பயந்துதான் போயிருக்கிறாள் என்று அந்த மூச்சிலேயே தெரிந்தது.

"வீடியோ போடும்மா" என்றேன். "அந்தக் கைப்பிடியை ஒரு தடவ திருப்பிக் காட்டு."

"நைனா..." என்று இழுத்தாள். ஆனாலும் எழுந்து போனாள். அறையில் விளக்கை அணைத்திருந்தாள் போலிருக்கிறது, படம் இருட்டாக இருந்தது. குமிழ் திரும்புகிற சத்தம் கேட்டது. கதவோரமாக மேலேயிருந்து கீழே வரைக்கும் கோடு மாதிரி வராண்டா வெளிச்சம் விழுந்தது.

"தெரியுதா?" என்றாள்.

தெரிகிறது என்றேன். போதும், சாத்திக்கொள் என்றேன்.